வெள்ளிக்கிழமை வயிறு

பாகூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்பு முடிந்து உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில் ஓர் அரசாங்கப் பலகை நின்றது. பலகை பெரியது. அதற்குப் பின்னால் இருந்த அலுவலகம் சின்னது. மூன்று சிமெண்டுத் தொட்டிகள், அவற்றின் மேல் ஒரு தகரக் கூரை, பக்கத்தில் கடல் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் நிற்க ஓர் ஓட்டு அறை, ஆராய்ச்சி அலுவலர் நாகராஜன் உட்கார ஒரு மேசை. ஆனால் பலகையில் ‘கடல் மீன் சீரண ஆய்வுப் பிரிவு’ என்று எழுதியிருந்ததால், பஸ்ஸில் போகிறவர்கள் உள்ளே என்னவோ பெரிதாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

நடந்தது இதுதான். கொடுவா மீனுக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இறால் போடுவது. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொட்டிக்கு ஒரு மீனாகப் பிடித்து, வயிற்றைக் கீறி, எவ்வளவு இறால் கரையாமல் மிச்சம் இருக்கிறது என்று நிறுத்து எழுதுவது. தின்னத் தருவதும் கீறிப் பார்ப்பதும் அந்தோணி மேரியின் வேலை. எழுதுவது நாகராஜனின் வேலை. கீறிய மீனை ‘மேல் பரிசோதனைக்கு’ என்று சொல்லி அவர் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவார். மேல் பரிசோதனை பாண்டியில் அவர் வீட்டு அடுப்பில் நடந்தது. அதன் முடிவுகள் இதுவரை எந்த அறிக்கையிலும் வரவில்லை.

நாகராஜன் இன்னும் டாக்டர் பட்டம் வாங்கவில்லை. ஆனால் யாராவது ‘டாக்டர்’ என்று கூப்பிட்டுவிட்டால், அந்த மனுஷனைத் திருத்தி அவமானப்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மை அவருக்கு இருந்தது. சுவரில், விளம்பரப் பலகை எழுதுகிற ஆளை வரவழைத்து, சிவப்புப் பெயிண்டில் ஒரு பட்டியல் எழுத வைத்திருந்தார்.

‘மீனின் சீரண வேகத்தை நிர்ணயிக்கும் காரணிகள். ஒன்று, நீரின் வெப்பம். இரண்டு, மீனின் பருமன். மூன்று, இரையின் அளவு. நான்கு, இரையின் வகை. ஐந்து, மீனுக்கு நேரும் கலவரம்.’

அந்தோணி மேரி கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். இறால் தலை கிள்ளும்போது எதிரே அந்தச் சுவர்தான் இருக்கும். ஆறு வருஷமாக எழுத்துக் கூட்டிக் கூட்டி, விசுவாசப் பிரமாணம் மாதிரி அதுவும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஆறு வருஷமும் அவள் தினக்கூலிதான். அந்த வருஷம்தான், ஆறு வருஷம் முடித்தவர்களை நிரந்தரமாக்கலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்திருந்தது. அவளுடைய ஃபைல் நாகராஜன் மேசையில், கண்ணாடிக் குண்டின் அடியில் கிடந்தது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கண்ணாடிக் குண்டை தினமும் துடைத்து வைப்பதும் அவள்தான். துடைக்கும்போது ஃபைல் ஓர் அங்குலமாவது அவர் பேனா பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். நகர்ந்ததில்லை.

அப்படியிருக்கையில்தான் வெள்ளிக்கிழமைச் சனியன் பிடித்தது.

திங்கள் முதல் வியாழன் வரை போட்ட இறால் மறுநாள் காலையில் கால்வாசியாவது மிச்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை போட்ட இறால் மட்டும் சனிக்கிழமை காலையில் இருப்பதில்லை. முதல் வாரம் கொஞ்சம் குறைந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. மூன்றாவது வாரம் கீறிப் பார்த்தால் மூன்று மீன் வயிறும் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தன.

சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் பாண்டியிலிருந்து வந்து இறங்கிய நாகராஜன், மேரி சிலேட்டில் குறித்து வைத்திருந்த எடையைப் பார்த்தார். மூக்குப் பொடி ஒரு சிட்டிகை எடுத்தார். மூன்று தும்மல் போட்டு, ‘முருகா’ என்றார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“மேரி, வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல கறி ஆக்க மாட்டீங்க இல்ல?”

“ஆக்க மாட்டோம் சார். தவக்காலம்.”

“அப்ப இன்னா குழம்பு?”

“இன்னா குழம்புன்னா... மீனு வாங்குவோம். எறா வாங்குவோம்.”

“எறா,” என்றார் நாகராஜன். அந்த ஒரு சொல்லை வாயில் போட்டு, நாக்கில் ஒதுக்கி, கொஞ்ச நேரம் ஊற வைத்தார். “உங்க தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதன் என்னிக்கு வந்துது? அந்த வாரம்தான் மீனு வயிறும் காலியாக ஆரம்பிச்சுது. நான் ஆராய்ச்சிக்காரன். எனக்கு ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்தா, நடுவுல ஒரு கயிறு தெரியும்.”

அந்தோணி மேரிக்கு முகம் சிவந்தது. “நான் தராசுல நிறுத்துத்தான் சார் போடுறன். தொட்டிக்கு முக்கா கிலோ. பக்கிரியண்ணன் பாத்துக்கினுதான் இருக்குது.”

“பக்கிரியா?” என்று நாகராஜன் சிரித்தார். காவல்காரன் பக்கிரியைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஏனென்றால் பக்கிரியின் மேல் அவருக்கு வேறு சந்தேகம் இருந்தது. ஆயில் எஞ்சினுக்கு வாங்கி வைத்த டீசலை பக்கிரி கரும்புக் கொல்லைக்காரர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். டீசல் பீப்பாயில் குச்சி விட்டுப் பார்த்தார். குச்சியில் கோடு போட்டார். கோட்டுக்கு மேல் கோடு போட்டார். கடைசியில், மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், எஞ்சின் அறையை அமுக்குப் பூட்டால் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து எஞ்சின் அவர் இருக்கும்போதுதான், மற்ற நாள்களில் பொழுது சாயும்வரை, ஓடியது. அவர் வெள்ளிக்கிழமை ஒரு மணி பஸ் ஏறிப் போனால், சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் திரும்பி வரும்வரை கடல் தண்ணீர் கடலில் இருந்தது, தொட்டித் தண்ணீர் தொட்டியில் இருந்தது.

“இன்னொண்ணு சார்,” என்றாள் அந்தோணி மேரி. “சனிக்கிழமை காத்தால மீன் பிடிக்கக் கை உட்டா, தண்ணி வெதுவெதுன்னு இருக்குது. கஞ்சி மாதிரி.”

“பேச்ச மாத்தாத.”

“மாத்தல சார், இருக்கறதச் சொன்னன்.”

நாகராஜன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். வெப்பம் என்று ஒரு கட்டம். அதில் மாதம் முழுக்க, ஒன்றாம் தேதியிலிருந்து முப்பத்தொன்றாம் தேதி வரை, ஒரே மையில், ஒரே சாய்வில் இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது. அன்றைக்குத் தேதி பதினாறுதான்.

“பாத்தியா? இருபத்தெட்டு. கணக்கு பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்.”

அந்தோணி மேரி முப்பத்தொன்றாம் தேதிக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஃபைல் கண்ணாடிக் குண்டின் அடியில் கிடந்ததால் வாயை மூடிக்கொண்டாள்.

*

சந்தேகம் கொசு மாதிரி. ஒரு வீட்டில் அடித்தால் அடுத்த வீட்டில் உட்காரும். ஒரு வாரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கலியம்மாள், வெள்ளிக்கிழமை தலைமுழுகி, வாசலில் கோலம் போட்டு, மீன் வாசனையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த மூக்கை வைத்தே துப்புத் துலக்கினாள்.

“வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழம எறா வாசன தூக்குது இல்ல, எங்கேந்துன்னு பாத்தன்,” என்று குழாயடியில் சொன்னாள். “கவர்மெண்டு எறாவாம். அதான் அந்த வாசன.”

“கவர்மெண்டு எறாவுக்குத் தனி வாசன இருக்குதா கலியம்மா?” என்று அந்தோணி மேரி குடத்தை ‘ணங்’ என்று வைத்தாள். “மீன்காரி தனக்கொடிகிட்டதான் ஆபீசுக்கும் வாங்குறாங்க, அவகிட்டதான் நானும் வாங்குறன். நீ மோந்து பாத்து ரெண்டையும் பிரிச்சிட்டன்னா ஒன்ன அங்க ஆபீசராப் போட்டுடுவாங்க.”

குழாயடி சிரித்தது. ஆனால் சிரித்து முடித்ததும் எல்லாரும் அவள் குடத்துக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தோணி மேரி இறால் வாங்கவில்லை. கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்தாள். அதற்கும் கலியம்மாள் ஒரு பொருள் கண்டுபிடித்தாள். “பாத்தீங்களா, பயந்துட்டா.”

இதுகூடப் போகட்டும். அவள் புருஷன் சூசைநாதன் சாப்பிடும்போது கத்திரிக்காயை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

“இன்னா தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல.” ஒரு வாய் போட்டுக்கொண்டான். “மே, நெஜமாச் சொல்லு. போன வாரம் வச்ச எறா பெருசு பெருசா இருந்துதே. அது...”

“அது?”

“இல்ல, ருசியாயிருந்துது. அதான் கேட்டன்.”

“ருசிச்சுத் தின்னுட்டு இப்ப கேக்கறீங்களா? கேக்கறதுன்னா வாயில போடறதுக்கு முன்னால கேட்டிருக்கணும்.”

சூசைநாதன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சந்தேகம் போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றவில்லை. சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டான் என்றுகூடத் தோன்றவில்லை. போன வாரத்து இறாலை நினைத்து ஏங்குகிறான் என்றுதான் தோன்றியது.

அவளும் சும்மா இருக்கவில்லை. தன் பங்குக்குச் சந்தேகப்பட்டாள். பக்கிரி மேல் ஒரு நாள். கொக்கு மேல் ஒரு நாள். தனக்கொடி அழுகல் இறாலை விற்று, அது தானாகக் கரைகிறதோ என்று ஒரு நாள். ஒரு சனிக்கிழமை விடியலில் அந்தக் கொடுவா மீன்களையே முறைத்துப் பார்த்தாள். அவை வாயை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன. எதையோ தெரிந்தும் சொல்லாமல் இருக்கிற ஆட்கள் மாதிரி.

அன்றைக்கும் வயிறுகள் காலி.

“இதுதான் கடைசி,” என்றார் நாகராஜன். கண்ணாடிக் குண்டை எடுத்தார். ஃபைலைக் கையில் தூக்கி, பாரம் பார்ப்பது போல் இரண்டு தடவை அசைத்தார். “வர்ற வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில வயிறு காலியா இருந்துதுன்னா, ‘நம்பகமற்றவர்’னு எழுதி மேல அனுப்பிடுவேன். அப்புறம் நிரந்தரமும் கிடையாது, கூலியும் கிடையாது. மாசக் கடைசியில டில்லிக்கு அறிக்கை குடுக்கணும், எனக்கு டாக்டர் பட்டம் அதுலதான் இருக்கு. என்னோட ஆறு வருஷ உழைப்பு உங்க வீட்டுக் குழம்புச் சட்டியில கரையறத நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது.”

“என்னோடதும் ஆறு வருஷம்தான் சார்,” என்றாள் அந்தோணி மேரி.

அவர் பொடி போட்டுக்கொண்டார்.

*

அந்த வெள்ளிக்கிழமை அவள் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி புடவையை இழுத்துச் செருகி, கையை முழங்கை வரை எல்லாரும் பார்க்கக் கழுவினாள். இறாலை நாகராஜன் கண்ணெதிரே நிறுத்தாள். தராசு முள் நடுவில் நின்றதும், “பாருங்க சார்” என்றாள். தொட்டியில் போடும்போது ஒவ்வொரு பிடிக்கும் கையை விரித்து முன்னும் பின்னும் காட்டினாள். கொடுவாக்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு பாய்ந்தன. கால் மணியில் ஓர் இறால் மிச்சமில்லை.

“தின்னுட்டுதா சார்?”

“தின்ன மாதிரிதான் இருக்கு. அடியில எவ்ளோ கிடக்குதோ, யாருக்குத் தெரியும்?” என்றார் நாகராஜன்.

எஞ்சினை நிறுத்தினார். அறையைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். ஒரு மணி பஸ் வந்தது. ஏறிப் போனார். பஸ் கிளப்பிய புழுதி அடங்கியதும் அந்தோணி மேரி பக்கிரியிடம் சொன்னாள்:

“யண்ணே, இன்னிக்கி ஒரு காக்காகூட இந்தப் பக்கம் பறக்கக் கூடாது. எம் பொழப்பு ஒங் கண்ணுல இருக்குது.”

“நான் கண்ண மூடுனாத்தானே?” என்றான் பக்கிரி. அவன் குரலில் ஒரு சூடு இருந்தது. “டீசல் திருடன்னு என்ன ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. எவனாவது இன்னிக்கி எங்கையில மாட்டட்டும்.”

அவள் வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் கோயிலில் முட்டி போட்டாள். செபமாலை ஒரு சுற்று முடிந்தபோது, கொடுவா மீனின் வயிற்றுக்காக வேண்டிக்கொள்வது பாவமாகுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்று சொன்னாள்.

*

சனிக்கிழமை விடியலில் அவள் வந்தபோது, பக்கிரி எஞ்சின் அறைக் கதவுக்கு முன்னால் தடியை ஊன்றிக்கொண்டு கோயில் துவாரபாலகன் மாதிரி நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. மீசை சந்தோஷத்தில் துடித்தது.

“யக்கா, புட்ச்சிட்டன்!”

“இன்னா புடிச்ச?”

“திருடன! உள்ள கெடக்கறான்.” குரலைத் தாழ்த்தினான். “நேத்து நாலு மணி இருக்கும். தோப்பு வழியா சுத்திக்கினு வந்தன். பாத்தா எஞ்சின் ரூமு பூட்டு வாயத் தொறந்துக்கினு கொண்டியில தொங்குது. கதவு சாத்தியிருக்குது. உள்ள ஏதோ பொரளுது. டீசலுக்குத்தான் வந்துட்டான்னு நெனச்சன். சத்தம் போடல யக்கா, பூன மாதிரி போயி, கொண்டியச் சேத்து, பூட்ட ஒரே அமுக்கு!”

“கத்துனானா?”

“ராத்திரி பூரா கத்தல. கல்லுளிமங்கன். தொறக்கலாம்னா சாவி ஆபீசருகிட்ட இருக்குது. அவரு பாண்டியில. பத்து மணிக்கு வரட்டும், அவரு கையாலயே தொறக்கட்டும். டீசல் திருடன் யாருன்னு அவரு கண்ணாலயே பாக்கட்டும்!”

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒரு தும்மல். இரண்டாவது தும்மல். மூன்றாவது. அதன் பின்னால் யாருக்கும் கேட்கக் கூடாது என்று பாதியில் விழுங்கிய ஒரு ‘முரு’.

அந்தோணி மேரிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நேற்றுப் பஸ் ஏறியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தோப்புக்குள் பதுங்கி வந்து, மூன்று தொட்டியும் தெரிகிற ஒரே ஜன்னல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாருக்காக உட்கார்ந்தார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. சிரிப்பு வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“மணி இன்னாண்ணே?”

“ஆறு ஆவப் போவுது.”

“அப்ப வேலயப் பாப்பம். ஆறுன்னா ஆறு. சாரு கண்டிசன். அஞ்சு நிமிசம் தவறுனாலும் ஆராய்ச்சி கெட்டுடும்னு சொல்லுவாரு.”

வழக்கமாகத் தகரக் கூரையின் கடைசியில் போடும் மீன் கீறும் பலகையை அன்றைக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டாள். ஜன்னல் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அந்த விரற்கடைக்குள் ஒரு கண் இருந்தது. அவள் அதைப் பார்க்காதவள் போல் தொட்டிக்குள் கையை விட்டாள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

மூன்று மீன். மூன்று கீறல். முதல் வயிறு காலி. இரண்டாவது காலி. மூன்றாவதில் ஓர் இறால் மீசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கிரி தலையில் கை வைத்தான். “போச்சு யக்கா. இதுவும் போச்சா?”

அவளுக்கும் ஒரு கணம் ஃபைல் கண்முன் வந்தது. ‘நம்பகமற்றவர்’ என்ற எழுத்துக்கூட வந்தது. பிறகு அந்த விரற்கடைக் கண்ணின் ஞாபகம் வந்தது. மீனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

“ந்தா, உள்ள இருக்கறவரே!” என்று கூப்பிட்டாள். “நேத்து நாலு மணியிலேந்து இங்கதான இருக்கறீங்க. ஜன்னல் வழியா தொட்டி நல்லாத் தெரியும். ஒரு நாயம் சொல்லுங்க. யாராச்சும் வந்து எறாவ எடுத்தாங்களா?”

ஜன்னலின் விரற்கடை இன்னும் சுருங்கியது.

“திருடங்கிட்டப் போயி நாயம் கேக்கறியே யக்கா,” என்றான் பக்கிரி.

“திருடனுக்குத்தான் தெரியும்ணே, திருட்டு நடந்துதா இல்லியான்னு. சொல்லுங்க. நான் வந்தனா?”

எஞ்சினுக்குப் பின்னாலிருந்து வருவது போல், அடித்தொண்டையில் ஒரு குரல் வந்தது. “வரல.”

“பக்கிரியண்ணன் தொட்டியத் தொட்டுச்சா?”

“இல்ல.”

“வேற யாராச்சும்?”

“யாரும் வரல.”

பக்கிரி தடியைத் தாழ்த்தினான். காதைக் கதவில் வைத்தான். “யக்கா, குரலு நம்ம சாரு மாதிரி இருக்குதே?”

“ஏமாறாதண்ணே. திருடனுங்க பெரிய மனுசங்க மாதிரிதான் பேசுவானுங்க.”

ஜன்னல் கதவு மெல்லத் திறந்தது. கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே வந்தது. கைக்கடிகாரம் கட்டிய கை. நவரத்தின மோதிரம் போட்ட கை. முழங்கை வரை எஞ்சின் மசி. விரல் நுனியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கிரி அந்தச் சாவியையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியபோது தடி தானாகக் கீழே விழுந்தது.

கதவு திறந்ததும் நாகராஜன் வெளியே வந்தார். வேட்டியில் டீசல். கன்னத்தில் கொசுக்கடி. தலைமுடி ஒரு பக்கம் எஞ்சின் கிரீஸில் படிந்து நின்றது. ஆனாலும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இது ஒரு சோதனை,” என்றார்.

“யாருக்கு சார்?” என்றாள் அந்தோணி மேரி.

நாகராஜன் மீன் பலகைப் பக்கம் போனார். மூன்று வயிறுகளையும் குனிந்து பார்த்தார். அவர் கண்ணெதிரே மீன் தின்றிருக்கிறது. அவர் கண்ணெதிரே யாரும் வரவில்லை. அவர் கண்ணெதிரே வயிறு காலி. நம்ப முடியாத சாட்சி என்று தள்ளலாம் என்றால், சாட்சி அவரே. அந்த வளாகத்தில் ராத்திரி முழுக்க இருந்து, யாராலும் கண்காணிக்கப்படாத ஒரே ஆள் யார் என்று பார்த்தால், அதுவும் அவரே. பக்கிரி அவரை ஒரு மாதிரி பார்த்தான். அவர் வேட்டி மடிப்பை, இறால் தோல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுவது போல.

“அப்படிப் பாக்காத பக்கிரி.”

“இல்ல சார். ரெண்டு விசயம் ஒண்ணா நடந்தா நடுவுல ஒரு கயிறு தெரியும்னு நீங்கதான் சொல்லுவீங்க.”

அந்தோணி மேரி ஆணியில் தொங்கிய வெப்பமானியை எடுத்தாள். அதன் மேல் படிந்திருந்த தூசியை ஊதினாள். தொட்டிக்குள் விட்டு, ஒரு பரமண்டல மந்திரம் சொல்லும் நேரம் பிடித்திருந்து, எடுத்து நீட்டினாள்.

“நான் சொன்னா கணக்குல ஏறாது. நீங்களே பாருங்க.”

நாகராஜன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். முப்பத்திரண்டரை.

“ராத்திரி பூரா ஆறியே இவ்ளோ,” என்றாள் அவள். “மேக்கால வெயில் சாயங்காலம் வரைக்கும் தொட்டியிலதான் அடிக்குது. மத்த நாள்ல புதுத் தண்ணி ஏறிக்கினே இருக்கும், குளுந்துடும். வெள்ளிக்கெழம மட்டும் எஞ்சின் ஓடல. தண்ணி காயுது. மீனு வயிறும் சேந்து காயுது.” சுவரைக் காட்டினாள். “மொத வரியே அதான சார் எழுதியிருக்குது?”

நாகராஜன் சுவரைப் பார்த்தார். ஒன்று, நீரின் வெப்பம். சிவப்புப் பெயிண்டில், ஆள் வைத்து எழுதியது. சாவியைப் பார்த்தார். பிறகு திரும்பி, தான் ராத்திரி முழுக்கத் தலை வைத்துப் படுத்திருந்த ஆயில் எஞ்சினைப் பார்த்தார். அதை ஒரு சுற்று சுற்றிவிட்டிருந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஆனால் சுற்றியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும், ஒளிந்திருப்பது தெரிந்திருக்கும். டீசல் திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டு, இறால் திருடியை உண்டாக்கியது. இறால் திருடியைப் பிடிக்கப் போய், டீசல் திருடனாக அகப்பட்டார்.

சின்ன மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் கூசியிருப்பான். நாகராஜன் பொடி டப்பாவைத் திறந்தார். காலி. அதை மூடி மடியில் செருகினார். தொண்டையைக் கனைத்தார்.

“நான் எதிர்பார்த்ததுதான்,” என்றார்.

“எது சார்?”

“இந்த முடிவு. வெப்பம் ஏறினா சீரணம் ரெண்டு மடங்கு வேகமாகுது. இத நிரூபிக்கத்தான் வெள்ளிக்கிழமை தோறும் நான் எஞ்சினை நிறுத்தி வச்சேன். திட்டமிட்ட பரிசோதனை. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க இயல்பா நடந்துக்க மாட்டீங்க.”

“அப்ப நான் டீசல் திருடறன்னு சொன்னது?” என்றான் பக்கிரி.

“அதுவும் பரிசோதனையோட ஒரு பகுதி.”

பக்கிரி வாயைத் திறந்து, மூடினான். தொட்டிக்குள் இருந்த கொடுவா மாதிரியே இருந்தது.

அந்தோணி மேரி கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் சொல்லாமலே அவர் மேசைக்குப் போய் நின்றாள்.

“நல்ல ஆராய்ச்சி சார். ஆனா ஒரு சந்தேகம்.”

“என்ன?”

“டில்லிக்காரங்க கேப்பாங்க இல்ல? வயிறு காலியா இருந்துது, சரி. தீனி சரியாத்தான் போட்டாங்கன்னு இன்னா அத்தாட்சின்னு கேப்பாங்க. தீனி போட்டவ நம்பகமில்லாதவன்னு நீங்க எழுதிட்டா, அப்புறம் ஆராய்ச்சியும் நம்பகமில்லாததா ஆயிடுமே?”

நாகராஜன் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் புருவத்தில் தெரிந்தது. அவள் திருடி என்றால் கண்டுபிடிப்பு இல்லை. கண்டுபிடிப்பு வேண்டுமென்றால் அவள் உத்தமி. டாக்டர் பட்டத்துக்கும் அவருக்கும் நடுவே இப்போது நின்றது ஒரு முக்கால் கிலோ இறாலும், அதை நிறுத்துப் போட்ட கையும்தான்.

கண்ணாடிக் குண்டைத் தூக்கினார். பேனாவைத் திறந்தார்.

“இங்க வச்சே எழுதுங்க சார்,” என்றாள் அந்தோணி மேரி. “பாண்டிக்கு எடுத்துக்கினு போக வேணாம்.”

அவர் எழுதினார். பிறகு நோட்டை எடுத்து, போன வெள்ளிக்கிழமைகளின் இருபத்தெட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தார்.

“அந்த நாளெல்லாம் தண்ணி எப்படி இருந்துதுன்னு சொன்ன?”

“கஞ்சி மாதிரி சார்.”

“முப்பத்து மூணு,” என்று எழுதினார் நாகராஜன். “அதுக்கு முந்தின வாரம்?”

“அதவிடக் கொஞ்சம் ஆறுன கஞ்சி.”

“முப்பத்திரண்டு.”

அந்தக் காகிதத்தை அவள் உடனே நம்பிவிடவில்லை. மதியம் கன்னியர் மடத்துக்கு எடுத்துப் போய் ஒரு சிஸ்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். ‘மிகவும் நம்பகமானவர், நிரந்தரப் பணிக்குத் தகுதியானவர்’ என்று சிஸ்டர் வாசித்தார். “இன்னொரு தடவ வாசிங்கம்மா” என்றாள். இரண்டாம் தடவையும் அதுவே வந்ததால், தபால்காரர் பையில் தன் கையாலேயே போட்டாள். போட்டபின் பையின் வாயை இழுத்துக் கட்டியதையும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஆடி மாதம் நிரந்தர ஆணை வந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆனாலும் ஒரு கிலோ இறால் வாங்கி, தலை கிள்ளி, கலியம்மாள் வீட்டுப் பக்கம் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக் குழம்பு கொதிக்க விட்டாள். சூசைநாதன் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டான்.

நாகராஜனின் அறிக்கை டில்லிக்குப் போனது. திட்டமிட்ட பரிசோதனை என்று எழுதிவிட்டதால் அதை நடுவில் நிறுத்த முடியவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு எஞ்சினை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிறார்.

பஸ் கிளப்பிய புழுதி அடங்கியதும் பக்கிரி எஞ்சின் அறைக்குப் போவான். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கதவை மரியாதையாகத் தட்டுவான்.

“சார், உள்ள இருக்கறீங்களா?”

பதில் வராது. அதற்கப்புறம்தான் அந்தோணி மேரி வீட்டுக்குக் கிளம்புவாள்.